விட்டுப்போன எட்டு கிலோமீட்டர்

ராஜநாயகத்துக்கு ஒரு பழக்கம். எந்தக் காரியத்தையும் தொடங்குவதற்கு முன்பே ஊருக்குச் சொல்லிவிடுவார். ஒருமுறை கிடார் வாசிக்கக் கற்றுக்கொள்ளப்போவதாகச் சொன்னார். கோயில் பாடகர் குழுவில் அவருக்கென்று ஒரு நாற்காலிகூடப் போட்டார்கள். கிடார் இன்னும் வீடு வந்து சேரவில்லை. இன்னொரு முறை மொட்டை மாடியில் கத்தரிக்காய் விளைவித்துத் தெருவுக்கே கொடுக்கப்போவதாகச் சொன்னார். தொட்டி வந்தது, மண் வந்தது, அத்தோடு சரி. அந்தத் தொட்டியில்தான் அவர் மனைவி நோரா இப்போது துணி கிளிப்புகளைப் போட்டுவைக்கிறார்.

சாந்தோமில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் வீடு. பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலகத் தலைமை எழுத்தர் வேலை. அப்பாவும் தாத்தாவும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயில், நடந்தால் நாலு நிமிஷம். ஐம்பத்தேழு வயது வரை அந்த நாலு நிமிஷத்தைத் தவிர அவர் எங்கும் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. அதையும் மழை பெய்தால் ஆட்டோவில்தான் போவார்.

அப்படியிருந்தவரை மந்தைவெளி டாக்டர் ஒரு மே மாதத்தில் உட்காரவைத்து, சர்க்கரை ரிப்போர்ட்டைக் காட்டி, "நடங்க, இல்லன்னா ஊசி போட்டுக்கக் கத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாளே பட்டினப்பாக்கம் கடற்கரைச் சாலையில் இறங்கினார் ராஜநாயகம். நாலாம் நாள் ஒருத்தர் தன் நாயோடு அவரைத் தாண்டிப் போனார். மனிதர் தாண்டியதில் வருத்தமில்லை. ஆனால் அந்த நாய்க்குக் கால் நாலு விரல் உயரம்கூட இல்லை. வயிறு தரையைக் கூட்டிக்கொண்டு போயிற்று. அது திரும்பி அவரை ஒரு பார்வை வேறு பார்த்தது. அன்றைக்குத்தான் ராஜநாயகம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினார், ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த விளக்குக் கம்பம் வரை.

அக்டோபருக்குள் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓட முடிந்தது. மனிதர் அத்தோடு இருந்திருக்கலாம். ஜனவரியில் கலங்கரை விளக்கத்தில் தொடங்கி, சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் வழியாகக் கொட்டிவாக்கம் போய் அதே வழியில் திரும்பும் அரை மாரத்தான் ஒன்று நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் பெயரைக் கொடுத்துவிட்டார்.

"இருபத்தோரு கிலோமீட்டரா?" என்றார் நோரா. வெங்காயம் நறுக்கிய கை நின்றுவிட்டது. "நம்ம வீட்டுல இருந்து சைதாப்பேட்டை போய், திரும்பி வந்து, மறுபடியும் சைதாப்பேட்டை போற தூரம்ங்க."

"ஓடிடுவேன்."

"அஞ்சுதானே ஓடியிருக்கீங்க?"

"அஞ்ச நாலு தடவை ஓடினா இருபது. மீதி ஒண்ணு கூட்டத்தோட கூட்டமா தானா வந்துடும்."

முப்பது வருஷம் வருகைப்பதிவேடு கூட்டிய மனிதரின் கணக்கு அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்குக் குடும்பங்கள் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. பரப்பியவர் அவரேதான். பக்கத்து வீட்டு டெல்பின் அக்கா அன்பியத் தலைவி. மாதம் ஒருமுறை இருபது வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கும் குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். டிசம்பர் மாதக் கூட்டத்தில் நோயாளிகளுக்கும் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் நடுவில் ராஜநாயகத்தின் முழங்கால்களுக்காகவும் ஒரு மன்றாட்டுச் சொன்னார்கள்.

ஓட்டக்காரர்கள் முதல் நாள் இரவு மாவுச்சத்து நிறையச் சாப்பிட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். பன்னிரண்டு இடியாப்பம் சாப்பிட்டார். விடிகாலையில் நாலு வாழைப்பழம். ஐந்து மணிக்குக் கலங்கரை விளக்கத்தின் கீழே பறை அடித்து, வெடி வெடித்து எல்லோரையும் கிளப்பினார்கள். அந்தப் பறைச் சத்தத்தில் அவருக்கு வயசு மறந்துவிட்டது. சாந்தோமில் ஆறு மணிப் பூசைக்கு முன்பாகவே முப்பது பேர் பேனரோடு நின்றுகொண்டிருந்தார்கள். பேனரில் அவர் படம், தலையில் முடி இருந்த காலத்துப் படம். பங்குத்தந்தை ஃபாதர் லாய்ட் நடைபாதையிலிருந்தே கை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுத்தார். கவனிக்காமல் தாண்டிவிட்ட ராஜநாயகம், எதிரே வருகிற கூட்டத்துக்குள் முட்டி மோதித் திரும்பி வந்து, தலை குனிந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, போலீஸ் துரத்துகிற மாதிரி பறந்தார். பின்னால் கைதட்டல். அது காதில் விழுகிற தூரம் வரைக்கும் வேகம் குறையவில்லை.

அடையாறு சிக்னலில் மூச்சு அறுந்தது. திருவான்மியூரில் வாழைப்பழங்கள் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்ல ஆரம்பித்தன. எப்படியோ கொட்டிவாக்கம் போய்த் திரும்பி, மறுபடியும் திருவான்மியூர் பஸ் நிலையத்தருகே வந்தபோது, பதின்மூன்றாவது கிலோமீட்டர் பலகைக்கு நேராக, இரண்டு கெண்டைக்காலும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டன. ஒரு கால் பிடித்தால் நொண்டலாம். இரண்டும் பிடித்தால் என்ன செய்வது? ஒரு டீக்கடையின் முன்னால் மரம் சாய்கிற மாதிரி மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருத்தர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் சேட்டு.

"இன்னா சார், புட்ச்சிக்கிச்சா? கால நீட்டு. ஆங், அப்டித்தான்." கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். ராஜநாயகம் போட்ட கூச்சலில் பஸ் நிலையத்துப் புறாக்கள் எழும்பின. "இன்னும் எவ்ளோ தூரம் கீது?"

"எட்டு கிலோமீட்டர்."

"ஓடிக்கினா போவப் போற? நிக்கவே முடியல ஒன்னால. வூடு எங்க, சொல்லு."

"வீடு சாந்தோம். சாவி என் சம்சாரத்துகிட்ட இருக்கு. ஃபோனும் அவங்ககிட்டதான். அவங்க லைட் ஹவுஸ்ல முடிவுக் கோட்டுல நிக்கிறாங்க."

"அப்போ சாவிகிட்டயே போய்டலாம். ஏறு நைனா."

பந்தயத்துக்காகப் பெரிய சாலைகளையெல்லாம் அடைத்திருந்தார்கள். சேட்டு சந்து சந்தாக நுழைந்து, கோட்டூர்புரம் பாலம் ஏறி, மந்தைவெளிக்குள் புகுந்து, கலங்கரை விளக்கத்துக்கு எதிரே ஒரு சந்தில் கொண்டுபோய் இறக்கினார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி. நோரா நிற்கிற இடத்துக்குப் போக ஒரே வழிதான் இருந்தது, பந்தயப் பாதையின் கடைசி நூறு மீட்டர். ராஜநாயகம் வேறு வழியில்லாமல் அதில் இறங்கி நொண்டி நடந்தார்.

அந்த நொண்டலைப் பார்த்துக் கூட்டம் எழுந்துகொண்டது. "கமான் அங்கிள்! விடாதீங்க அங்கிள்!" ஒலிபெருக்கிக்காரர் அவர் மார்பில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்து மூன்று முறை முழங்கினார். கோட்டைத் தாண்டியதும் ஒரு தன்னார்வலர் பெண் கழுத்தில் பதக்கத்தைப் போட்டாள்.

"இல்லம்மா, நான் வந்து..."

"பேசாதீங்க அங்கிள், மூச்சு விடுங்க" என்று வாயில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள். அன்றைக்கு ஐந்தாவது.

அந்த நொடியில்தான் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஷெல்டன் அவரைப் படம் எடுத்தான். தலைக்கு மேலே பெரிய கடிகாரம் இரண்டு மணி பதினொரு நிமிஷம் என்று காட்டிக்கொண்டிருந்தது. நோரா அருகில் வந்து அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏங்க, இருபத்தோரு கிலோமீட்டர் ஓடியிருக்கீங்க, சட்டை எப்படி காஞ்சிருக்கு?"

"ஆட்டோல காத்து" என்றார் ராஜநாயகம், வாய் நிறையப் பழத்தோடு.

நோராவுக்குப் புரிந்துவிட்டது. ஊருக்குப் புரிவதற்குள் ஷெல்டன் படத்தைப் பங்கு வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அறுபத்துநாலு கைதட்டல்கள் வந்திருந்தன. பதின்மூன்றாவது கிலோமீட்டருக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவில் அவர் எந்த இடத்தையும் கடக்கவில்லை, அதனால் அவர் நேரம் செல்லாது என்பது பந்தய இணையதளத்தில் தெளிவாகத்தான் இருந்தது. படம் இருக்கும்போது பட்டியலை யார் பார்க்கிறார்கள்?

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் லாய்ட் அவரைப் பீடத்துக்கு முன்னால் அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். ராஜநாயகம் மைக்கை வாங்கி, "நான் முழுசா ஓடல" என்றார்.

"பாருங்க!" என்றார் ஃபாதர், மைக்கைத் திரும்ப வாங்கி. "ரெண்டு மணி பதினொரு நிமிஷத்துல ஓடிட்டு, முழுசா ஓடலன்னு சொல்ற தாழ்மையைப் பாருங்க! இன்னும் நல்லா ஓடியிருக்கலாம்னு நினைக்கிறார்!" ஷெல்டன் கீபோர்டில் அல்லேலூயா வாசித்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி இல்லை. பள்ளிப் பிள்ளைகள் 'மாரத்தான் சார்' என்றார்கள். காலைக் கூட்டத்தில் விடாமுயற்சி பற்றிப் பேசும்படி தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார். மூன்று நிமிஷம் பேசிவிட்டு, பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தாங்கமுடியாமல், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்.

மறைப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதர் லாய்ட் எல்லாவற்றையும் கேட்டார். "அப்போ ரெண்டு மணி பதினொண்ணு இல்லையா?"

"இல்ல, ஃபாதர்."

"நான் அத ரெண்டு பிரசங்கத்துல சொல்லிட்டேனே." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் அஞ்சு தடவை சொல்லுங்க. விட்டுப்போன எட்டு கிலோமீட்டரையும் ஓடி முடிங்க. முதல்ல இருந்து."

அப்படித்தான் அடுத்த ஜனவரிக்கு மறுபடியும் பெயர் கொடுத்தார். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் முதல் தடவை சொல்லாமல் தொடங்கிய காரியம் அதுதான். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால்தான் கணக்கில் சேரும். அதற்கு மேல் ஒரு விநாடி ஆனாலும் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் திருவான்மியூர் வரை ஓடிப் பார்க்கலாம் என்று போனபோது பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டது.

"இன்னா நைனா, ஓடுறியா ஏறுறியா?"

சேட்டுதான். அடையாற்றுக் கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் எடுத்துவிட்டு அவர் குடும்பத்தை ஊருக்கு வெளியே கண்ணகி நகருக்கு மாற்றிப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் தினமும் விடியற்காலை ஆட்டோவை எடுத்துக்கொண்டு பழைய பக்கத்துக்கே சவாரிக்கு வந்துவிடுவார். ராஜநாயகம் டீக்கடையில் உட்கார்ந்து பொன்னாடை வரைக்கும் முழுக்கதையையும் சொன்னார். சேட்டு சிரித்துச் சிரித்து டீயைச் சிந்திவிட்டார்.

"மெடலு எனக்குத்தான் குடுத்துக்கணும் நைனா. ஓடுனது நீ இல்ல, ஓட்டுனது நானு." கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "அன்னிக்கு எப்டி ஓடுனே, சொல்லு."

சொன்னார். பறை, பேனர், ஆசீர்வாதம், பறந்தது, எல்லாம்.

"அதான் மேட்டரு. எட்த்தவுடனே டாப் கீர் போட்டுக்கினு ஏறுனா எந்த வண்டி தாங்கும்? நீ இன்னா நேத்து வந்த வண்டியா? அறுவது மாடலு. ஃபர்ஸ்ட் கீர்ல கெளம்பு. பேசிக்கினே ஓடு. பேச்சு நின்னுச்சுன்னா ஸ்பீடு ஜாஸ்தின்னு அர்த்தம்."

ராஜநாயகத்துக்குப் பேசச் சொன்னால் போதாதா? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில், சவாரி இல்லாத நேரமாகப் பார்த்து, சேட்டு ஆட்டோவை அவர் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார். ராஜநாயகம் அரசாங்கத்தின் பென்ஷன் விதிகளை விளக்கிக்கொண்டே ஓடினார். ஒன்பது கிலோமீட்டர், பதினொன்று, பதின்மூன்று. பதினான்காவதைத் தாண்டிய அன்று குடும்ப ஓய்வூதியம் வரை வந்திருந்தார். "நைனா, நீ ஓடு, வாணாங்கல. ஆனா சப்ஜெக்ட மாத்து" என்று சேட்டு கெஞ்சினார்.

நோராவுக்கு வேறு கவலை. ஆகஸ்டில் ஒரு நாள் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "நீங்க உயிரக் குடுத்து ஓடினாலும் மூணு மணி நேரம். போன தடவை ரெண்டு பதினொண்ணு. அம்பது நிமிஷம் லேட்டானா ஊர் என்ன சொல்லும்? இவருக்கு உடம்புல ஏதோ பெரிய வியாதின்னு சொல்லி, சாகக் கிடக்கிறவங்களுக்குக் குடுக்கிற நோயில்பூசுதல் குடுக்க ஃபாதரையே கூட்டிட்டு வந்துடுவாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. செப்டம்பர் மாத அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். ஜெபம் முடிந்து சுண்டல் கொடுக்கும் முன், ராஜநாயகம் எழுந்து, தாழ்மை என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காமல், ஆட்டோவிலிருந்தே ஆரம்பித்தார். "நான் ஜனவரி ஓட்டத்துல திருவான்மியூர்ல ஆட்டோ ஏறினேன். ஆட்டோ ஓட்டினவர் பேர் சேட்டு."

ஃபாதர் லாய்ட் அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி, "என்ன! ஆட்டோவா!" என்றார். கோயில் நாடகங்களில் ஏன் அவருக்கு ஒருபோதும் வேஷம் கொடுப்பதில்லை என்பது எல்லோருக்கும் அன்றைக்குப் புரிந்தது.

"எனக்கு ஜனவரியிலயே தெரியும்" என்றார் டெல்பின் அக்கா அமைதியாக. "என் மருமக ரிசல்ட்ட ஃபோன்ல காட்டினா. உன் பேருக்கு நேரா வெறும் கோடு. எட்டு மாசமா உன் மனந்திரும்புதலுக்காகத்தான் தினமும் ஒரு ஜெபமாலை சொல்லிட்டு வர்றேன். இன்னிலருந்து என் முதுகுவலிக்குச் சொல்லலாம். சுண்டல எடு நோரா."

மறுநாள் பதக்கத்தை உறையில் போட்டு, தலைமை எழுத்தர் பாணியில் மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதி, பந்தய நடத்துநர்களுக்குக் கூரியரில் அனுப்பினார். இப்படி ஒரு கடிதம் தங்களுக்கு வந்ததேயில்லை என்று பதில் வந்தது.

ஜனவரி வந்தது. இடியாப்பம் மூன்றே மூன்று. வாழைப்பழம் ஒன்று. பறை அடித்தார்கள். ராஜநாயகம் முதல் கீரில் கிளம்பினார். சாந்தோமில் இந்த முறையும் கூட்டம். ஒப்புக்கொண்ட மனிதர் என்ன செய்கிறார் என்று பார்க்கப் போன வருஷத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். அவர் போன வேகத்தைப் பார்த்து ஷெல்டன், "அங்கிள், ஏதாவது பிரச்சினையா?" என்று கூடவே நடந்து வந்து கேட்டான். நடந்து! சுடிதார் போட்ட எழுபது வயது அம்மா ஒருவர் "எக்ஸ்க்யூஸ் மீ" என்று தாண்டிப் போனார். ராஜநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கொட்டிவாக்கத்தில் திரும்பியபோது ஒரு மணி இருபத்தாறு நிமிஷம். கால் இருந்தது, மூச்சும் இருந்தது. பக்கத்தில் ஓடிய அம்பத்தூர்க்காரர் ஒருவருக்குப் பணிக்கொடை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஏனோ திடீரென்று வேகமெடுத்துவிட்டார்.

திருவான்மியூர் நெருங்க நெருங்கக் கெண்டைக்கால் முணுமுணுத்தது. பதின்மூன்றாவது பலகை. அதே டீக்கடை. அதே ஆட்டோ. சேட்டு அதன் பின் சீட்டில் தன் மனைவி முத்தம்மாவையும் மச்சினியையும் இரண்டு தண்ணீர் கேன்களையும் அடைத்து வைத்திருந்தார்.

"சீட்டு ஃபுல்லு நைனா! எடமில்ல! ஓடிக்கினே இரு!"

முத்தம்மா வெளியே எட்டிப் பார்த்து, "இவருக்காவா காலைல அஞ்சு மணிக்கு என்னை எழுப்பிக் கூட்டியாந்தே?" என்று கேட்டது காதில் விழுந்தது. சிரிப்பு வந்தது. சிரித்தபடியே பலகையைத் தாண்டினார். அதற்கு அப்பால் ஒவ்வொரு அடியும் அவர் இதுவரை பந்தயத்தில் வைக்காத அடி.

பதினாறில் பேச்சு நின்றது. திரு.வி.க. பாலத்தின் சின்ன ஏற்றம் மலை மாதிரி எழுந்து நின்றது. பாலத்தில் நடந்தார், ஓடினார், மறுபடியும் நடந்தார். ஆற்றைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை, முன்னால் போகிறவரின் செருப்புச் சத்தத்தை மட்டும் எண்ணினார். ஆம், அந்த ஆள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் ஓடிக்கொண்டிருந்தார். அவரையும் பிடிக்க முடியவில்லை. பட்டினப்பாக்கம் திருப்பத்தில் இங்கேயே உட்கார்ந்துவிடலாம், வீடு இதோ, என்று ஒரு எண்ணம் வந்தது. சாவி நோராவிடம் இருப்பது ஞாபகம் வந்தது.

சாந்தோமில் பூசை முடிந்து மொத்தப் பங்கும் வாசலில் நின்றது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு மணி அம்பது!" என்று டெல்பின் அக்கா கத்தினார். "பத்து நிமிஷம்தான்ப்பா இருக்கு, ஓடு!" ஃபாதர் லாய்ட் ஆசீர்வாதத்துக்குக் கை தூக்கினார். ராஜநாயகம் "அப்புறம், ஃபாதர்!" என்று கத்திவிட்டுப் போனார்.

கடைசி நூறு மீட்டரில் கூட்டம் பாதி கலைந்திருந்தது. ஒலிபெருக்கிக்காரர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். நோரா தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் கைப்பையை ஆட்டிக்கொண்டு, அவரோடு பக்கவாட்டில் ஓடி வந்தார். அவர் ஓடி ராஜநாயகம் பார்த்ததேயில்லை. நன்றாகத்தான் ஓடினார்.

இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம் நாற்பது விநாடி.

நோரா சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிழியலாம் போல இருந்தது. அவர் அந்தக் கையைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டார். ராஜநாயகத்துக்குப் பேச வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதார். ஷெல்டன் ஃபோனை எடுத்தான், நோரா ஒரு பார்வை பார்த்ததும் உள்ளே வைத்துவிட்டான்.

சேட்டு முத்தம்மாவையும் மச்சினியையும் பஸ் ஏற்றிவிட்டு வந்து சேர்ந்தார். வீட்டு வாசல் வரை ஆட்டோவில் வந்தாயிற்று. மாடிப்படி பத்தொன்பது. ராஜநாயகத்தின் முழங்கால் மடங்க மறுத்தது. கடைசியில் சேட்டு பின்னாலிருந்து தள்ள, நோரா முன்னாலிருந்து இழுக்க, பீரோ ஏற்றுகிற மாதிரி ஏற்றினார்கள்.

நோரா மீன்குழம்பும் அவித்த முட்டையும் வைத்திருந்தார். சேட்டும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். ராஜநாயகம் முதல் கிலோமீட்டரிலிருந்து விவரமாக ஆரம்பித்தார். எழுபது வயது அம்மா எப்படித் தாண்டினார், அம்பத்தூர்க்காரர் ஏன் ஓடிவிட்டார், பாலத்தில் எத்தனை முறை நடந்தார். பதினெட்டாவது கிலோமீட்டரில், "அங்க ஒரு விளக்குக் கம்பம்..." என்று சொல்லிக் கையில் சோற்று உருண்டையோடு நிறுத்தினார். தலை மெதுவாகத் தொங்கியது. லேசாகக் குறட்டை.

"எழுப்பட்டுமா?" என்றார் சேட்டு.

"வேணாம்" என்றார் நோரா. "எழுப்பினா முதல்ல இருந்து சொல்வார்."

சேட்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ராஜநாயகத்தின் தட்டிலிருந்த முட்டையைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டார்.